நமது தெருக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நம் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஏழு முறை கூட்டப்பட்டது. அதில் இரண்டு முறை போதிய பேர் வராததால் கலைய வேண்டியதாயிற்று. சித்திரைத் தேரோட்டத்தன்று தெற்கு மாசி வீதி முனையில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். ஆகஸ்ட் 15 கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. ஐப்பசி மழைக்கு முன்பே சாக்கடை அடைப்பு எடுக்கப்பட்டது. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தினோம். இரண்டு கண்காணிப்பு கேமராவில் ஒன்று பழுது, சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறோம். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் அஞ்சலி செலுத்துகிறோம்.

இனி, கோபுரப் பார்வைக் கணக்கெடுப்பு, அதாவது மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் எங்கெங்கே நின்றால் தெரிகிறது என்று நாம் எழுதி வைத்த வேலை. "செயலாளர் சங்கப் பணத்தில் கோபுரம் பார்த்துக்கொண்டு திரிகிறார்" என்று தெருவில் ஒரு பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகக் கேட்க வேண்டும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று விதி இருக்கிறது. 9 மீட்டர் என்றால் ஏறத்தாழ 30 அடி. இது நம் எல்லோருக்கும் தெரியும், வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விதிதான் இருக்கிறதே, அப்புறம் நமக்கென்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சென்ற ஐப்பசியில் நம் தெரு ஆச்சி ஒருவர் வீட்டு மாடிக்குப் போனதும்தான் விஷயம் புரிந்தது.

ஆச்சி நாற்பது வருஷமாகக் காலையில் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன் மாடி ஏறித் தெற்குக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது அவருக்குப் பழமொழி இல்லை, அன்றாட வேலை. அடுத்த வீட்டு மாடியில் பத்தடி உயரத்துக்கு நீலத் தகரக் கொட்டகை எழும்பிய பிறகு கோபுரம் மறைந்துவிட்டது. நான் போனபோது அவர் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் மூன்று படி ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கு எண்ணெய் போட்டுத் துணி சுற்றியிருந்தது. "கலசம் மட்டும் தெரியுது தம்பி, இதுவாச்சும் இருக்கே" என்றார். இறங்கும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நம் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நாலு வெளிக் கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் உயரமானது, 160 அடிக்கு மேல். 30 அடி மாடியில் நிற்கிறவரின் கண் தரையிலிருந்து 35 அடியில் இருக்கும். முப்பது அடி தள்ளி உள்ள மாடியும் அதே 30 அடி என்றால் அது எதையும் மறைக்காது. அதன் மேல் பத்தடிக் கொட்டகை வந்தால், கோபுரத்திலிருந்து 750 அடிக்கு அப்பால் இருக்கிற வீட்டுக்குக் கலசம் உட்பட மொத்தமும் போய்விடுகிறது. நம் தெரு சுமார் 1,500 அடியில் இருக்கிறது. நமக்கு எதிர் மாடி கண் மட்டத்துக்கு மேல் இரண்டரை அடி எழும்பினாலே போதும், கோபுரம் போச்சு. கோயிலை விட்டுத் தள்ளிப் போகப் போக இன்னும் சின்னத் தடுப்பே மறைத்துவிடும். உயர வரம்பு அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கட்டடத்தை அளக்கிறது, கண்ணை அளக்கவில்லை. எங்கே நின்றால் கோபுரம் தெரிகிறது என்று யாரும் எழுதி வைக்காத வரை, மறைந்த பிறகு மறைந்தது என்று நிரூபிக்கக்கூட வழி கிடையாது.

அதைத்தான் எழுத ஆரம்பித்தோம். கார்த்திகை முதல் மாசி வரை, ஞாயிறுதோறும் காலை ஆறு முதல் எட்டு மணி. நோட்டில் நாலு கட்டம்: இடம், எந்தக் கோபுரம், எத்தனை நிலை தெரிகிறது, எது மறைக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு புகைப்படம். மொத்தம் 42 இடங்கள் பதிவாகியிருக்கின்றன. 19 தெருவில், 23 மாடியில். தெருவில் நின்று பார்த்தால் பெரும்பாலும் கோபுரத்துக்கு நேராக ஓடுகிற தெருக்களிலும் சந்துகளிலும்தான் தெரிகிறது. அங்கே மறைப்பது கட்டடம் இல்லை, விளம்பரப் பலகையும் கேபிள் ஒயரும்தான். இரண்டுமே ஒரே நாளில் எடுத்துவிடக் கூடியவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளியூரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் விசாரித்தோம். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தை உயர்ந்த கட்டடங்கள் மறைக்க ஆரம்பித்ததும், 1937இலிருந்தே சுற்றுவட்டாரத்துக்கு உயரக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே உயரம் கிடையாது. எந்தெந்த இடத்திலிருந்து குவிமாடம் தெரிய வேண்டும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அந்தப் பார்வைக் கோட்டுக்குக் கீழே அடங்குகிற மாதிரி இடத்துக்கு இடம் உயரம் வைத்தார்கள். சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மேட்டிலிருந்து மரங்களுக்கு நடுவே தெரிகிற காட்சிக்குக்கூடப் பாதுகாப்பு உண்டு. முன்னால் மறைப்பதை மட்டுமல்ல, பின்னால் முளைத்துக் குவிமாடத்தின் வடிவத்தைக் கெடுப்பதையும் பார்க்கிறார்கள். நம் விதியின் 1 கிலோமீட்டருக்கு அப்பால் உயரமாக ஒன்று வந்தால் கோபுரத்துக்குப் பின்னால் அது எப்படித் தெரியும் என்பது நமக்கும் உள்ள கேள்விதான். அவர்களுக்கு ஒரு குவிமாடம். நமக்கு நாலு திசையிலும் நாலு கோபுரம். வடக்குப் பக்கத்துக்காரர்களுக்கு மொட்டைக் கோபுரம் எப்படியோ அப்படித்தான் நமக்குத் தெற்குக் கோபுரம்.

பட்டியலையும் வரைபடத்தையும் இணைத்து அதிகாரிகளிடம் மனு கொடுத்தோம். முதல் தடவை வரைபடத்தில் அளவுகோல் இல்லை என்று திருப்பிவிட்டார்கள், அது நம் தவறு. திருத்திக் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தனியாக ஒரு கேள்வி கேட்டதற்கு, கோபுரம் தெரியும் இடங்கள் பற்றித் தனிப் பட்டியல் எதுவும் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. ஆக, இன்றைக்கு நம் கையில் இருக்கிற நோட்டுத்தான் பட்டியல்.

இந்த வேலைக்குப் புகைப்படப் பிரிண்ட், ஜெராக்ஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் ஆனது. ரசீது கோப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மற்றபடி ஆண்டு வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரியாக வந்திருக்கின்றன, சிறிதளவு கையிருப்பு உண்டு. விவரம் பொருளாளர் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சங்கத்தில் 84 வீடு. மாதம் 50 ரூபாய், வருஷத்துக்கு 600. முழுசாகக் கட்டியவர்கள் 31 வீடு. இரண்டு வருஷமாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் "சங்கம் என்ன செய்தது" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் கணக்கெடுப்புக்கு வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு அனுப்பியபோது கட்டைவிரல் போட்டவர்கள் 38 பேர், முதல் ஞாயிறு வந்தவர்கள் மூன்று பேர். செயற்குழுவில் ஒன்பது பேர் இருந்தும் ஐந்து பேர் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கடையும் வேலையும் உண்டு, எனக்கும் உண்டு. இது மனசுக்கு வருத்தமாகவே இருந்தது, அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

கொட்டகை யாருடையது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவரும் நம்மில் ஒருவர்தான். சித்திரை, வைகாசி வெயிலில் மேல்தளத்து அறைக்குள் ராத்திரிகூடப் படுக்க முடியாது என்பதும் உண்மை. அதற்குத் தகரம்தான் வழி என்றில்லை. வெயிலைத் திருப்பி விடுகிற வெள்ளைப் பூச்சு இருக்கிறது, வெள்ளை ஓடு பதிக்கலாம், இரண்டுமே கோபுரத்தை மறைக்காது. துணி காய, வடகம் காய மாடி திறந்தும் கிடைக்கும். அந்த வீட்டுப் பெரியவரிடம் பேசியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

நீர்மோர்ப் பந்தலுக்கு மோர் கொடுத்த மாவு மில் அண்ணாச்சிக்கும், கோலப்போட்டிக்குப் பரிசு தந்தவர்களுக்கும், ஒரு ஞாயிறும் தவறாமல் வந்த ஓவிய ஆசிரியருக்கும், கட்டடக்கலை டிப்ளமோ படிக்கிற நம் தெருத் தங்கைக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்த தலைவர் ஐயாவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின், அதாவது ஊருக்கான மாஸ்டர் பிளானின், வரைவு வெளியானதும், குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுமக்கள் எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கொடுக்கலாம். அந்தக் காலம் தாண்டிவிட்டால் கத்திப் பிரயோசனமில்லை. நம் பட்டியலைத் திட்டத்தோடு சேர்க்க வேண்டும், அதில் உள்ள பார்வைக் கோட்டின் குறுக்கே வருகிற கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் கோபுரம் தெரிகிற அளவைக் காட்டும் படம் கேட்க வேண்டும், மாடிக் கொட்டகைக்கும் பலகைக்கும் அந்தக் கோட்டில் இடம் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு கையெழுத்தோடு போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், 84 கையெழுத்தோடு போனால் உட்காரச் சொல்வார்கள். இதை நான்தான் செய்ய வேண்டும் என்றில்லை. வேறு யாராவது பொறுப்பேற்றால் நோட்டையும் கோப்பையும் இன்றே ஒப்படைக்கிறேன், கூடவே நடக்கவும் செய்வேன்.

விட்டுப்போன மாடிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாவு மில் வாசலில் கூடுகிறோம். ஆச்சி வீட்டிலிருந்து தொடக்கம். மாடிக் கதவை ஐந்தே முக்காலுக்கே திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்