கூறு போடுமிடத்தில் கவனிக்க வேண்டியவை

அன்பு மகளுக்கு,

கள ஆய்வுக்குக் கிளம்பும் நேரத்தில் நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி: ஒரு சமூகத்தில் சமத்துவம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள், கண்ணு. யார் யாருக்குள், எதில் சமம், தினமும் என்ன செய்து அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று கேள். தலைவர் என்று ஒருவர் இல்லாததை மட்டும் பார்த்து ‘சமத்துவச் சமூகம்’ என்று எழுதிவிடாதே. சமத்துவம் சும்மா கிடக்கும் நிலை அல்ல. அதற்கு ஆட்கள் உழைக்கிறார்கள். அந்த உழைப்பைத்தான் நீ பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி பாலைநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஜூஹோவான்சி மக்களை எடுத்துக்கொள். விலங்கில் முதலில் தைத்த அம்பு யாருடையதோ, இறைச்சி அவருடையது, எய்தவருடையது அல்ல. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வைத்திருப்பார்கள். அதனால் வேட்டைக்கே போகாத ஒரு முதியவரோ ஒரு பெண்ணோ கூறு போடும் உரிமையைப் பெறலாம். திறமை ஒருவரிடம் குவிந்தாலும் பெருமை குவியாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அதோடு கேலியும் உண்டு. அவர்களோடு தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ 1969இல் எழுதிய கட்டுரையை நீ படித்திருப்பாய். விருந்துக்காக அவர் கொழுத்த மாடு ஒன்றை வாங்கினார். “இது எலும்பும் தோலும், இதை வைத்து என்ன செய்வது” என்று ஊரே அவரை நோகடித்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பு. நிறைய இறைச்சி கொண்டுவருபவன் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கத் தொடங்குவான், அந்தச் செருக்கு ஒருநாள் கொலையில் முடியும், அதனால் அவன் நெஞ்சின் சூட்டைத் தணிக்கிறோம் என்று பிறகு விளக்கினார்கள். நீ கொண்டுபோகும் பொருளை யாராவது மட்டம் தட்டினால் முகம் வாடாதே. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்.

தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்ஸா மக்களிடம் வழி வேறு. மானுடவியலாளர் ஜேம்ஸ் வுட்பர்ன் 1982இல் காட்டியது இது: உணவுக்கு யாரும் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் முகாமை விட்டுப் போய்விடலாம், ஆண்கள் எல்லோர் கையிலும் வில் இருக்கிறது. அதிகாரம் செய்ய நினைப்பவனுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆண்கள் மரப்பட்டைச் சில்லுகளை எறிந்து சூதாடுவார்கள். அம்பும் கத்தியும் மணியும் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அன்றாடப் பிழைப்புக்கு வேண்டிய வில்லைப் பந்தயம் வைப்பதில்லை. இதே ஹட்ஸாவில் சில இறைச்சித் துண்டுகளைச் சடங்கு முடித்த ஆண்கள் மட்டும் மறைவில் தின்கிறார்கள். பெண்கள் பார்க்கவே கூடாது. ‘யார் யாருக்குள்’ என்று உன்னைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

பங்கு வைக்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போகாதே. பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது. முதல் கூறில் நாலைந்து பேருக்கே பெரிய துண்டுகள் போவதைப் பார்த்ததும் ‘ஏற்றத்தாழ்வு’ என்று எழுதத் தோன்றும். அந்த நாலைந்து பேரும் தங்கள் உறவுகளுக்கு மறுபடி பிரிப்பார்கள். வெந்த பிறகு பாத்திரத்திலிருந்து மூன்றாம் முறையும் கைமாறும். ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்டு எடை போடு. கொடுத்தவர், வாங்கியவர், உறவுமுறை, எந்த உறுப்பு என்று எழுது. கேட்டு வாங்கியதா, கேட்காமலே கொடுத்ததா என்பதற்குத் தனிக் கட்டம் ஒதுக்கு. பல இடங்களில் பகிர்வு தாராள மனத்தால் நடப்பதில்லை, கேட்டால் மறுக்க முடியாததால் நடக்கிறது என்று மானுடவியலாளர் நிக்கோலஸ் பீட்டர்சன் 1993இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளை வைத்து எழுதினார். அன்று அங்கே இல்லாதவர்களையும் குறி. அவர்களுக்கு எடுத்து வைத்தார்களா என்பது முக்கியம்.

விளையாட்டுச் சோதனை நடத்தப்போவதாகச் சொன்னாய். ஒருவர் பணத்தைப் பிரிப்பார். மற்றவர் ஏற்கலாம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கின் குழு இதை 15 சிறு சமூகங்களில் நடத்தியபோது, பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் கொடுக்க முன்வந்தார்கள். திமிங்கிலம் வேட்டையாடும் இந்தோனேசியாவின் லமலேராவில் அது 58 சதவீதம். பப்புவா நியூ கினியின் ஆவ், க்னாவ் மக்களில் சிலர் பாதிக்கு மேல் கொடுத்தபோதும் மறுத்தார்கள். அங்கே கேட்காமல் வரும் பெரிய கொடை வாங்கியவரைக் கடன்காரர் ஆக்கிவிடும். ஆகவே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதே. ஏன் மறுத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேள்.

இன்று கண்டது நாளையும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதே. பர்மாவின் கச்சின் மலைகளில் தலைவர் ஆளும் கும்சா முறையும் தலைவரை ஏற்காத கும்லாவ் முறையும் மாறி மாறி வந்ததை மானுடவியலாளர் எட்மண்ட் லீச் 1954இலேயே எழுதிவிட்டார். பழைய தகராறுகளை, குறிப்பாக யார் எப்போது பிரிந்து போனார்கள் என்பதை, முதியவர்களிடம் கேட்டு வாங்கு. பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேள். ஆண்கள் சொல்லும் ‘நாங்கள் எல்லோரும் சமம்’ என்பதில் அந்த ‘நாங்கள்’ யார் என்று அப்போதுதான் தெரியும்.

தராசு எடுக்கும்போது கொக்கியில் தொங்கும் சுருள்வில் தராசாகப் பார்த்து எடு. அதற்குப் பேட்டரி வேண்டாம், மரக்கிளையிலேயே மாட்டலாம்.

அன்புடன்,
அப்பா