வெள்ளைக் கோடெல்லாம் ஒரே பூச்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் கேள்வி-பதில் பகுதியில், இலைகளில் நெளிந்தோடும் வெள்ளைக் கோடுகளுக்கெல்லாம் ‘சுருள் பூச்சி’ என்று ஒரே பெயர் வைத்து, தக்காளி, எலுமிச்சை, நிலக்கடலை மூன்றுக்கும் ஒரே மருந்தை வாரம் தவறாமல் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். எலுமிச்சையிலும் நிலக்கடலையிலும் அந்த வேலையைச் செய்பவை இரண்டு வெவ்வேறு அந்துப்பூச்சிகள். தக்காளியில் பெரும்பாலும் அது ஒரு ஈ. அந்த ஈக்கு வாராவாரம் மருந்தடிப்பது அதை ஒழிக்கும் வழியல்ல, பெருக்கும் வழி. ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் அடையாளம். வெள்ளைக் கோடு என்பது இலைக்குள் புழு தின்றுகொண்டே போகும் சுரங்கம். எலுமிச்சைத் துளிரில் வெள்ளி மினுக்கோடு ஓடும் சுரங்கத்தின் நடுவே எச்சம் ஒரே கோடாக இருக்கும், இலை சுருளும், கூட்டுப்புழு இலை ஓரத்தை மடித்து அதற்குள்ளேயே கிடக்கும். நிலக்கடலையில் புழு கொஞ்ச நாள் இலைக்குள் இருந்துவிட்டு, வெளியே வந்து இலைகளைப் பிணைத்துக்கொண்டு தின்னும். ஈயின் சுரங்கம் நூல் போல மெல்லியதாகத் தொடங்கிப் போகப்போக அகலும். உள்ளே கறுப்பு எச்சம் ஒரு முறை இடது ஓரம், ஒரு முறை வலது ஓரம் என மாறி மாறித் துணுக்குகளாகக் கிடக்கும். அகன்ற முனையில் இருக்கும் மஞ்சள் நிறப் புழுவுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. கறுப்பாக வாய்க்கொக்கி மட்டும் தெரியும். தக்காளியிலேயே சுரங்கம் கோடாக இல்லாமல் திட்டாகப் பரந்து, புழுவுக்குத் தலையும் காலும் இருந்து, காயிலும் துளை விழுந்தால் அது தக்காளி ஊசித் துளைப்பான் எனப்படும் டூட்டா அந்துப்பூச்சி. அது ஒரு இலையை விட்டு வெளியேறி இன்னொன்றில் நுழையும். ஈயின் புழுவால் அது முடியாது. முட்டை எந்த இலையில் விழுந்ததோ அந்த இலையோடு சரி.

இலைத் துளைப்பான் எனப்படும் இந்த ஈயின் அறிவியல் பெயர் லிரியோமைசா டிரைஃபோலி. நீளம் 2 மி.மீ.க்குச் சற்று முன்பின். முதுகு பளபளப்பில்லாத சாம்பல் கலந்த கறுப்பு, தலை மஞ்சள், முதுகின் பின்முனையில் ஒரு மஞ்சள் பொட்டு. நெருங்கிய உறவான லிரியோமைசா சட்டைவேக்கு முதுகு பளபளவென்று கறுத்திருக்கும். கைலென்ஸில் பார்த்தால் ஓரளவு பிரிக்கலாம், உறுதிப்படுத்த ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

பெண் ஈ தன் முட்டையிடும் உறுப்பால் இலையைக் குத்தி, ஊறும் சாற்றைக் குடிக்கும். ஆணுக்குக் குத்தும் கருவி கிடையாது. பெண் குத்திய குழியில்தான் அதற்கும் சாப்பாடு. இலையில் ஊசியால் குத்தினாற்போல் தெரியும் வெளிர் புள்ளிகள் இவைதாம். இவற்றில் ஏறக்குறைய 15 சதவீதத்தில்தான் உயிருள்ள முட்டை இருக்கும். ஆகவே புள்ளிகளை எண்ணிப் பயந்து மருந்துக்கு ஓடுவதில் பொருளில்லை. முட்டை கால் மி.மீ. அளவு, இலைத் தோலுக்குக் கீழே. 2 முதல் 5 நாளில் பொரியும். சராசரி வெப்பம் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புழுப்பருவம் 4 முதல் 7 நாள். புழு மேல்தோலுக்கு அடியிலுள்ள பச்சைத் திசுவை ஒருக்களித்துப் படுத்தபடி சுரண்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை தோலுரித்த பிறகும் சுரங்கம் சட்டென அகலும். சேதத்தில் பெரும்பங்கு மூன்றாவது, அதாவது கடைசிப் பருவத்தில்தான். முற்றிய புழு, பெரும்பாலும் காலை வேளையில், இலையின் மேற்புறத்தில் அரைவட்டமாகக் கீறிக்கொண்டு வெளியேறி மண்ணில் விழும். மேல்மண்ணில் கூட்டுப்புழுவாகி, 20-30 டிகிரியில் 7 முதல் 14 நாளில் ஈயாக வரும். வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் இடும் முட்டை, குளிரில் சில பத்துகளோடு நின்றுவிடும்; 30 டிகிரியை ஒட்டி, பிடித்தமான செடியும் கிடைத்தால் சில நூறுகளைத் தொடும்.

பிடித்தமான செடி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வட அமெரிக்காவில் 1880-இல் விவரிக்கப்பட்ட இந்த இனம், 1970களில் இருந்து செவ்வந்தி நாற்றுத்துண்டுகளோடு நாடு நாடாகப் பயணித்தது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் பதிவானது. ஏறக்குறைய 25 தாவரக் குடும்பங்களில் வாழக்கூடியது. முதல் விருப்பம் சூரியகாந்திக் குடும்பம்: செவ்வந்தி, ஜெர்பரா, துலுக்கச் சாமந்தி. அடுத்து பீன்ஸ், தட்டைப்பயறு, பூசணி, வெள்ளரி, தர்பூசணி, தக்காளி, கத்தரி, உருளை, பருத்தி, வெண்டை, ஆமணக்கு, செலரி. களைகளும் உண்டு, மணத்தக்காளி நல்ல உதாரணம். வயலைச் சுத்தமாக உழுதுவிட்டு வரப்பில் மணத்தக்காளியை விட்டுவைத்தால், புது நாற்று வரும்வரை ஈக்கு அங்கே தடையில்லாத குடித்தனம். அறுவடை முடிந்த பழைய பூசணிக் கொடியை அப்படியே காயவிட்டு, பக்கத்துப் பாத்தியில் தக்காளி நடுவதும் இதே தவறுதான். பழைய கொடி வாடியதும் ஈக்கள் மொத்தமாகப் புதிய பயிருக்கு இடம் மாறும்.

ஆனால் எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு கேடு இல்லை. வளர்ந்த தக்காளிச் செடியின் அடியிலைகளில் கோடுகள் ஓடினால் விளைச்சல் குறைவது அரிது. பூசணி, தட்டைப்பயறு, பருத்தி நாற்றின் விதையிலைகளில் ஓடினால் அது வேறு கதை: அந்த வயதில் செடிக்கு இருப்பதே இரண்டு மூன்று இலை. கீரைக்கும் பூஞ்செடிக்கும் இலையே சரக்கு என்பதால் ஒரு கோடுகூடக் குறைதான். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘தென்பட்டதும் தெளிக்கவும்’ என்பது ஆலோசனையே அல்ல.

மருந்து ஏன் பொய்க்கிறது? முட்டையும் புழுவும் இலைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். மேலே படியும் மருந்துக்கு அகப்படுவது பறக்கும் ஈ மட்டும். அதுவும் விரைவில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் இனம். மருந்துக்குத் தப்ப முடியாதவை, இந்தப் புழுவைத் தின்று வாழும் டிக்லிஃபஸ், ஹெமிப்டார்செனஸ், கிரைசோகாரிஸ் போன்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள். பைரித்ராய்டு, ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் இவற்றைத் துடைத்தெடுத்துவிடுகின்றன. தக்காளியில் மெத்தோமில் என்ற கார்பமேட் மருந்தைத் தெளித்ததால் இலைத் துளைப்பான் ஈ பெருகியது 1970களிலேயே ஆய்வில் காட்டப்பட்ட செய்தி. இன்றைக்கும் பல வயல்களில் நடப்பது அதுவே. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து, மூன்று வாரம் கழித்து இலைத் துளைப்பானாகத் திரும்பி வருகிறது.

எனவே தெளிப்பானைத் தொடும் முன் பத்து இருபது இலைகளைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அகன்ற முனையில் அரைவட்டக் கீறல் இருந்தால் புழு போய்விட்டது. அந்த இலைக்கு எந்த மருந்தும் வீண், கிள்ளி எறிவதும் வீண். புழு பழுப்பாகித் தளர்ந்து, சுரங்கம் பாதியில் நின்றிருந்தால் குளவி வேலையில் இருக்கிறது. டிக்லிஃபஸ் என்றால், இறந்த புழுவை அடுத்துச் சுரங்கத்தின் தரைக்கும் கூரைக்கும் இடையே கறுப்புத் தூண்கள் நிறுத்தி, நடுவே கூட்டுப்புழு கிடப்பது தெளிவாகத் தெரியும். இலையில் கீறலுக்குப் பதிலாகச் சிறு வட்டத் துளை இருந்தால் வெளியேறியது குளவி. மஞ்சளாக அசையும் புழுக்களே பெரும்பான்மை என்றால் மட்டும் அடுத்த கட்டம்.

எண்ணிக்கைக்கு மஞ்சள் ஒட்டும் பொறியை மட்டும் நம்ப வேண்டாம்; ஈ நடமாட்டத்தைத்தான் அது காட்டும். செடிக்கு அடியில் 12-க்கு 15 அங்குலத் தட்டு வைத்து விழும் கூட்டுப்புழுக்களை எண்ணுவது மேல். கலிஃபோர்னியாவில் தக்காளிக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, 3-4 நாள் சராசரியில் தட்டுக்கு ஒரு நாளைக்கு 10. மற்ற பயிர்களுக்கு இதை அப்படியே எடுக்கக் கூடாது. தட்டில் தண்ணீர் தேங்கினால் எண்ணிக்கை கெடும். பாசனத்துக்கு முன் தட்டை எடுத்துவிடுங்கள்.

தெளிக்கத்தான் வேண்டுமென்றால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். 5 கிலோ காய்ந்த பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். மறுநாளே புழு சாகாது. கோடும் நீண்டுகொண்டுதான் இருக்கும். வேம்பின் அடி விழுவது கூட்டுப்புழுப் பருவத்தில். இது தெரியாமல் மூன்றாம் நாளே ‘வேம்பு கேட்கவில்லை’ என்று கடும் மருந்துக்கு மாறுகிறவர்கள்தாம் அதிகம். இரசாயனம் என்றால், இலைக்குள் ஊடுருவும் அபாமெக்டின், சைரோமசின், ஸ்பினோசாட் போன்றவற்றில் அந்தப் பயிருக்கு அனுமதியுள்ளதை, லேபிள் அளவில், ஒரே மருந்தைத் தொடராமல் மாற்றி மாற்றி. அபாமெக்டின் இலை மேலேயே தங்கினால் வெயிலில் சிதைந்துவிடும், அதற்கும் மாலைதான்.

நாற்றங்காலுக்கு வலை போடுவோர் ஒன்றைக் கவனிக்க: முந்தைய நாற்று வளர்ந்த அதே மண்ணில் வலை கட்டினால், கூட்டுப்புழுவில் இருந்து ஈ வலைக்குள்ளேயே வெளிவரும். அப்போது வலை குளவியை வெளியே நிறுத்தி ஈக்குக் காவல் இருக்கும். மண்ணை மாற்றுங்கள், அல்லது செடியும் களையும் இல்லாமல் மூன்று நான்கு வாரம் விடுங்கள். செவ்வந்தித் துண்டுகளை உடனே குளிரறையில் வைப்பதும் பயன் தராது. புதிதாக இட்ட முட்டைதான் குளிரை அதிகம் தாங்கும். 3-4 நாள் சாதாரண வெப்பத்தில் வைத்து முட்டை பொரிந்த பிறகு, 0 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் புழுக்கள் இறக்கும்.

தங்கள் வேளாண் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். இனி இலைக்கோடு பற்றிக் கேள்வி அனுப்புவோரிடம், பயிரின் பெயரோடு இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பூச்சி, உள்ளே புழு இருக்கிறதா, குளவி வந்துவிட்டதா என்ற மூன்றுக்கும் அந்தப் படத்திலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பூச்சியியல் துறை சார்ந்த வாசகர்