படமே இல்லாத டெலஸ்கோப்

கண்ணு,

உங்க டெலஸ்கோப்ல படமே வராது, எந்த ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், எப்போ, எவ்ளோ எனர்ஜியோட வந்துச்சுங்கற கணக்கு மட்டும்தான் வரும்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. நைசர்ங்கற அந்த உங்க எக்ஸ்ரே டெலஸ்கோப் பத்தி உக்காந்து படிச்சேன்மா. எக்ஸ்ரே காத்து மண்டலத்த தாண்டி கீழ வராது, அதனால 2017ல மேல அனுப்பி ஸ்பேஸ் ஸ்டேஷன் வெளிய மாட்டி வச்சிட்டாங்க, அது வரைக்கும் சரி, ஆனா வர்ற ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் மைக்ரோசெகண்ட விட துல்லியமா நேரம் குறிக்குதுன்னு படிச்சப்போ அசந்துட்டேன்.

நைசர் பாத்த அந்த ஜே0030+0451 நியூட்ரான் ஸ்டாரதான், அதாவது வெடிச்சுப்போன பெரிய நட்சத்திரத்தோட இறுகிப்போன மிச்சத்ததான், திரும்பத் திரும்ப படிச்சேன். செகண்டுக்கு 205 சுத்து! மேல இருக்கற சூடான திட்டு நம்ம பக்கம் வந்தா எக்ஸ்ரே ஏறுது, அந்தப் பக்கம் போனா இறங்குது, ஆனா முழுசா அணையறதில்ல, ஏன்னா அதோட ஈர்ப்பு முதுகுப்பக்கம் கிளம்பற வெளிச்சத்தையும் வளைச்சு நம்ம கிட்ட அனுப்பிடுது. எவ்ளோ வளையுதுங்கறது எடையும் சைஸும் சேர்ந்து முடிவு பண்ற விஷயம், அதனால அந்த ஏத்த இறக்கத்த வச்சே ஆரம் சுமார் 13 கிலோமீட்டர்னு 2019ல ரெண்டு டீம் தனித்தனியா கணக்கு போட்டு கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நின்னிருக்காங்க. எடையோ சூரியன விட அதிகம். ஆயிரம் ஒளியாண்டுக்கு அந்தாண்ட இருக்கறத, படமே இல்லாம ஃபோட்டான எண்ணியே அளந்துட்டீங்களேடா!

2023 மே மாசம் நைசரோட வெயில் தடுக்கற மெல்லிய படலம் சேதமாகி, ஸ்டேஷன் பூமியோட பகல் பக்கம் போறப்போ சூரிய வெளிச்சம் உள்ள பூந்து டேட்டா போகுதுன்னு நீ ரொம்ப சோர்ந்து பேசுனது ஞாபகம் இருக்கு. 2025 ஜனவரில நாசா விண்வெளி வீரர் நிக் ஹேக் ஸ்பேஸ்வாக் போய் ஒட்டு போட்டத படிச்சதும் எனக்கே நிம்மதியா இருந்துச்சு. ராத்திரி பக்கம் எடுத்த டேட்டாவும் நல்ல டேட்டாதானே, அவசரப்படாம பொறுமையா பாரு, வேளைக்கு சாப்பிடு.

ஒரு சந்தேகம்மா. அந்த நியூட்ரான் ஸ்டார்ல சூடான திட்டு காந்த துருவத்துலதானே வரும், காந்த துருவம்னா எதிரெதிரா ரெண்டு இருக்கும், திட்டும் அப்படித்தான் இருக்கணும்னு நினைச்சேன், ஆனா அந்த 2019 கணக்குல எல்லாமே தெற்குப் பாதியிலயே வருதாமே? அப்போ அதோட காந்தப்புலம் எந்த ஷேப்புல இருக்கும்? எனக்குப் புரியற மாதிரி வரைஞ்சு அனுப்பு.

அப்பா