துண்டுச் சீட்டும் குரங்குச் சேட்டையும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. எண்ணெய் தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே தம்பி மகளுக்கு வரன் அமைந்துவிட்டது; தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல பையன், அதிகம் பேசுவதில்லை. பத்திரிகை அச்சாகி வந்ததும் முதலில் உனக்குத்தான் அனுப்புவேன்.

உன் பேத்தி போட்டுக் காட்டிய 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் கதை எப்படி என்று கேட்டிருந்தாய். 'லிசாஸ் சப்ஸ்டிட்யூட்' என்ற அந்தப் பகுதியை நானும் பார்த்தேன், அடுத்தடுத்து இரண்டு முறை. 1991 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது, தொடரின் இரண்டாம் பருவத்தில். அரை மணி நேரத்துக்கும் குறைந்த கார்ட்டூன் ஆசிரியரையும் குழந்தையையும் இவ்வளவு அருகில் போய்ப் பார்க்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்து அழுதுவிட்டதாக எழுதியிருந்தாய். அழாதவர் யார்? தற்காலிகமாக வந்த ஆசிரியர் பெர்க்ஸ்ட்ராம் ஊரை விட்டுக் கிளம்புகிறார். அவரிடம் படித்த, சிம்ப்சன் வீட்டு எட்டு வயது மகள் லிசா ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். தான் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் ஏழைப் பிள்ளைகளிடம் போவதாக அவர் சொல்கிறார். யாருமில்லை என்று தோன்றும்போது இது போதும் என்று ஒரு காகிதத்தை எழுதிக் கொடுக்கிறார். ரயில் போன பின் அவள் பிரித்துப் பார்த்தால், 'நீ லிசா சிம்ப்சன்' என்று மட்டும் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையின் உச்சம் அது என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யோசித்துப் பார். இது போதும் என்று அவர் சொன்ன சீட்டு அன்று இரவுக்குக்கூடப் போதவில்லை! சாப்பாட்டு மேஜையில் அவள் ஆசிரியர் போய்விட்ட துக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அக்கறையில்லை என்பதால் எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடாது என்கிறான் அப்பா ஹோமர். அவள் வெடிக்கிறாள். நீ ஒரு குரங்கு, குரங்கு, குரங்கு என்று அப்பனைப் பார்த்துக் கத்திவிட்டு மாடிக்கு ஓடுகிறாள். நீயே உனக்குத் துணை என்பது பெரியவர்களுக்குத் தெம்பு தரும். எட்டு வயதுக் குழந்தைக்கு அது சுமை. கதை எழுதிய ஜான் விட்டிக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் ரயிலோடு கதையை முடிக்கவில்லை.

ஹோமர் முதலில் தன் ரோஷத்தைத்தான் பார்க்கிறான். மனம் புண்பட இது உனக்கு நேரமில்லை, மாடியில் ஒரு குழந்தைக்கு நீ வேண்டும் என்று அவன் மனைவி மார்ஜ் சொன்ன பிறகே மேலே போகிறான். அங்கே அவன் பேசுவதைக் கவனித்தாயா? தனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் இந்தக் கூரைக்குக் கீழேயே இருப்பதால், யாரையும் இழந்த துயரம் தனக்குத் தெரியாது என்கிறான். லிசாவுக்கு எத்தனையோ சிறந்த மனிதர்கள் வாய்ப்பார்கள். அவர்கள் கூடும் இடத்தில் நல்ல சாப்பாடு இருக்கும், தன்னைப் போன்றவர்கள் பானம் பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்கிறான். மகள் தன்னைத் தாண்டிப் போகப்போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அதில் அவனுக்கு வருத்தமுமில்லை. பிறகு குரங்கு போலச் சேட்டை செய்து அவளைச் சிரிக்க வைக்கிறான். அவன் ஒரு துளிகூட அறிவாளியாகிவிடவில்லை. இருந்த புத்தியை வைத்துக்கொண்டே மகளைத் தேற்றிவிட்டான். எனக்குக் கண்ணீர் வந்தது அங்கேதான்.

குறைகளும் உண்டு. பெர்க்ஸ்ட்ராமுக்குக் குரல் கொடுத்தவர் ஹாலிவுட் நடிகர் டஸ்டின் ஹாஃப்மன், நடிகர் பட்டியலில் மட்டும் வேறு பெயர். குரலில் இருக்கும் உயிர் பாத்திரத்தில் இல்லை. கௌபாய் வேஷத்தில் துப்பாக்கி சுட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறார், அது அழகு. ஆனால் அவர் செய்யும் எதுவுமே தப்பாவதில்லை. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த நமக்குத் தெரியாதா, அப்படி ஒரு ஆசிரியர் கிடையாது. அருங்காட்சியகத்தில் நுழைவுக் காணிக்கை கட்டாயமில்லை என்றதும் ஹோமர் காசு தராமல் நழுவுகிறான், லிசா கூனிக் குறுகுகிறாள். அந்தக் கூச்சம் உண்மை. என்றாலும் ஆசிரியரை உயர்த்த அப்பாவை அவ்வளவு தாழ்த்தியிருக்க வேண்டாம்.

எனக்குப் பெரிய கோபம் வேறொன்றில். பெர்க்ஸ்ட்ராம் குழந்தைகளிடம் சொல்லாமல் போய்விடுகிறார். திங்கட்கிழமை போனால் பழைய டீச்சர் ஹூவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். வருஷ நடுவில் மாறுதல் உத்தரவு வந்தபோது நீயும் நானும் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். அழுகையாக இருந்தாலும் அதைச் செய்தோம். அவர் செய்யாததைக் கதை ஒரு குறையாகவே பார்க்கவில்லை.

அதே பள்ளியின் டீச்சர் க்ராபாப்பல் பெர்க்ஸ்ட்ராமை மயக்கப் பார்க்கும் காட்சி எதற்கு? ஹாஃப்மன் 1967-இல் நடித்த, வயதில் மூத்த பெண் ஒரு இளைஞனை மயக்கும் 'தி கிராஜுவேட்' படத்தை நினைவூட்டத்தான். படத்தைப் பார்க்காதவர்களுக்கு அங்கே ஒன்றுமில்லை. லிசாவின் அண்ணன் பார்ட் வகுப்புத் தலைவர் தேர்தலில் நிற்கும் கிளைக்கதை எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் அவன் பக்கம் ஆரவாரம் செய்துவிட்டு ஓட்டுப் போட மறந்துவிடுகிறார்கள். எதிர்த்து நின்ற மார்ட்டின் இரண்டே ஓட்டு வாங்கி ஜெயிக்கிறான். ஆனால் மகளைத் தேற்றிய கையோடு ஹோமர் பார்டையும் தேற்றி, குழந்தை மேகியையும் தேற்றிவிட்டுப் படுக்கப் போவது அவசரம். லிசாவின் அறையிலிருந்து வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடுகிறது.

பேத்தியிடம் 'மதர் சிம்ப்சன்' பகுதியைக் கேட்டு வாங்கிப் பார். 1995-இல் வந்தது. இறந்துவிட்டதாக ஹோமர் நினைத்திருந்த அவன் அம்மா திரும்பி வரும் கதை. பார்த்துவிட்டு எழுது. சீட்டைப் பற்றி நான் சொன்னது சரியில்லை என்று தோன்றினால் அதையும் எழுது, நான் விடமாட்டேன். கல்யாணத்துக்கு வரும்போது பேத்தியையும் அழைத்து வா; அவளிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
சரோஜா