விரிசல் விட்ட மேனிஃபோல்டுக்கு ஸ்டீல் ராடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய 1489 சிசி அம்பாசடரில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய்) விரிசல் விட்டால், சாதாரண ஸ்டீல் ராடால் வெல்டிங் வைத்துத் தந்துவிடுகிறார்கள். அது நிற்காது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல். வெல்டிங் அந்தக் கார்பனை இழுத்து இறுகி, ஆறும்போதே ஓரத்தில் பிளக்கும்.

விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, ‘வி’ வடிவில் அரைத்து, ஊறிய எண்ணெயையும் கரியையும் சூடு காட்டி எரிக்க வேண்டும். தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டுப் பிடித்தால் கோணாது. நிக்கல் ராடால் ஒரு அங்குலம் மட்டும் வைத்து, சூடு ஆறுமுன் சுத்தியலால் லேசாகத் தட்டி, பிறகு அடுத்த அங்குலம். முடிந்ததும் காய்ந்த மணலில் புதைத்து இரவு முழுக்க ஆற விடுங்கள். தண்ணீர் பட்டால் எல்லாம் வீண்.

பலர் கோட்டை விடுவது, மேனிஃபோல்டை என்ஜினோடு சேர்க்கும் விளிம்பான ஃபிளாஞ்சில்தான். இந்த என்ஜினில் இன்டேக் (காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு), எக்சாஸ்ட் இரண்டின் ஃபிளாஞ்சுகளையும் பொது வாஷர்களே அழுத்துகின்றன. மட்டமாக்க எக்சாஸ்டை மட்டும் சீவினால் அதன் தடிமன் குறைந்து, வாஷர் இன்டேக்கைத்தான் பிடிக்கும், கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்பு) வழியே புகை கசியும். இரண்டின் தடிமனையும் சமமாக்குங்கள். ஃபிளாஞ்சே உடைந்திருந்தால் வெல்டிங்குக்குச் செலவழிக்காமல் வேறு மேனிஃபோல்டு தேடுவதே லாபம். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்கி, வண்டி ஒருமுறை ஓடி ஆறியபின் மறுபடி பார்க்கவும்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக், கோவை