ஒரு மாட்டுக்கு அடக்க விலை என்ன?

லிங்கன், நெப்ராஸ்கா, அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இங்கே அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது, அம்மா கவலைப்பட வேண்டாம்.

இந்த ஊர் மாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வடமேற்கே சேண்ட்ஹில்ஸ் என்று ஒரு பகுதி. மணல்மேடுகள் மேல் புல் போர்த்திய பூமி. உழுதால் மணல் பறக்கும் என்பதால் மாடுதான் பிழைப்பு. எல்லாம் கறிமாடு. பால் மறந்த கன்றை இலையுதிர்காலத்தில் விற்பதுதான் வருமானம்.

இந்த மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குப் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவு (விவசாயிகளுக்குச் சொல்லித் தரும் பிரிவு) நடத்தும் வகுப்புக்குப் போயிருந்தேன். வைத்தியம் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன், முழுக்கக் கணக்கு! கன்றின் எடையில் ஒரு பவுண்டுக்கு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) அடக்கம், அதாவது நமக்கு ஆகும் செலவு, என்ன என்பதுதான் கேள்வி. 100 பசு, பசுவுக்கு வருடம் 1,000 டாலர் செலவு என்று வையுங்கள். 85 கன்று தேறி, தலைக்கு 500 பவுண்டு நின்றால், பவுண்டுக்கு 2.35 டாலர் அடக்கம். அதற்குக் கீழே விற்றால் நஷ்டம்.

இதில் சொந்தப் புல்லுக்கும் வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கட்டாயம் விலை போட வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வருகிற பணத்தை மாடு சம்பாதித்துத் தர வேண்டாமா? சேர்க்காவிட்டால், நிலம் சம்பாதித்ததை மாடு சம்பாதித்ததாக நினைத்துக்கொள்வோம். எனக்கு இது பெரிய பாடம், அப்பா.

விட்மன் பக்கம் குட்மண்ட்சன் என்று பல்கலைக்கழகப் பண்ணை ஒன்று உண்டு. மார்ச்சில் ஈன்ற பசுக்களையும் ஜூனில் ஈன்றவற்றையும் அங்கே ஒப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் கன்று எடை குறைவுதான். ஆனால் பச்சைப்புல் காலத்தில் ஈனுவதால் குளிர்காலத்துக் காய்ந்த புல் செலவு நன்றாகக் குறைகிறது. எடையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

வறட்சிக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜூன் நடுவில் என்று ஒரு தேதியை முன்பே குறித்து வைக்கிறார்கள். அதற்குள் போதிய மழை இல்லையென்றால் எந்த மாடுகளை முதலில் விற்பது என்பதும் எழுதியிருக்கும். கன்று இல்லாதவை, வயதானவை முதலில். ஊரே விற்கக் கிளம்பும் முன் சந்தைக்குப் போனால் விலை கிடைக்கும், புல்லின் வேரும் பிழைக்கும்.

சரி, நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் இப்போது ஏக்கருக்கு என்ன தருவார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். புண்ணாக்குக் கடைச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். ஊருக்கு வரும்போது நம் மாடுகளுக்கும் அடக்கம் போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மகன்