தலைமைப் பயிற்சி தருபவர்களுக்கு: ஸ்டாக்டேலை முழுசாகச் சொல்லுங்கள்

வணக்கம்.

உங்களில் ஒருவர் நடத்திய வகுப்பில் போன மாதம் உட்கார்ந்திருந்தேன். திரையில் வியட்நாம் போரில் கைதியாக இருந்த அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் படம். கீழே, நம்பிக்கையை விடாதே, நிலவரத்தை மறக்காதே என்று இரண்டு வரி. அடுத்த நிமிடம் வேறு படம் வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1965 செப்டம்பரில் வடக்கு வியட்நாமில் அவர் ஓட்டிய ஸ்கைஹாக் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அப்புறம் ஏழரை ஆண்டு சிறை, அதில் நான்கு ஆண்டு தனிமை. இதைச் சொல்கிறீர்கள், சரி. அவர் உடைந்துபோனதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? கைகளைப் பின்னால் முறுக்கிக் கயிற்றால் இறுக்கும் சித்திரவதையில் கடைசிவரை தாங்கியவர் அநேகமாக யாரும் இல்லை. அவரும்தான் பணிந்தார். அதைத் தெரிந்துகொண்டே, மூத்த அதிகாரி என்ற முறையில் கைதிகளுக்கு விதிகள் வகுத்தார். பொதுவில் குனியாதே, ஒலிபரப்பில் பேசாதே, குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே. தாங்க முடியாமல் பணிந்துவிட்டாலும் மறுநாள் மறுபடி எதிர்த்து நில்.

வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கூனிக்குறுகி அறைக்குத் திரும்பியவனைச் சக கைதிகள் ஒதுக்கவில்லை. சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கி, முதலில் வரிசையைத் தட்டி, பிறகு அதில் எத்தனையாவது எழுத்து என்று தட்டுவது. 'கே'க்கு இடமில்லை, அங்கே 'சி'யே போதும். இரண்டு, இரண்டு: 'ஜி'. ஒன்று, இரண்டு: 'பி'. நான்கு, ஐந்து: 'யு'. 'காட் பிளெஸ் யூ', அதாவது 'கடவுள் உன்னைக் காக்கட்டும்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

1969இல் ஸ்டாக்டேலைப் பிரசாரப் படத்தில் காட்ட ஏற்பாடு நடந்தது. சவரக் கத்தியால் தன் தலையைக் கீறிக்கொண்டார். தொப்பி வைத்து மறைக்கலாம் என்று காவலர்கள் கிளம்பியதும், மர முக்காலியை எடுத்துத் தன் முகத்திலேயே அடித்து வீங்கவைத்தார். படம் எடுக்க முடியவில்லை. 1976இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது.

உங்கள் வகுப்பில் வராத இன்னொன்றும் உண்டு. 1964 ஆகஸ்ட் 4 இரவு வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு மேலே பறந்தவர் அவர். தாக்க வந்ததாகச் சொன்ன வடக்கு வியட்நாம் படகுகளில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. வியட்நாம் போரைப் பெரிதாக்க அந்தத் தாக்குதலைத்தான் காரணம் காட்டினார்கள். சித்திரவதையில் அந்த ரகசியம் வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தையும் சுமந்துகொண்டுதான் சிறையில் கிடந்தார். வீரப்பதக்கம் வாங்கியவரின் கதையில் இது சங்கடமான பகுதிதான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

அடுத்த வகுப்பில் அந்தப் படம் வரும்போது, மேசையில் அந்த மூன்று எழுத்தையும் ஒருமுறை தட்டிக் காட்டுங்கள். அப்புறம் கதையை ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவன்